வெளியூர்க்காரருக்காகக் கட்டப்படாத கடைவீதி

டிசம்பர் விடுமுறையில் சென்னை வரும் வெளிநாட்டுவாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பத்தினருக்கு,

சிங்கப்பூர், துபாய், லண்டன், டல்லாஸ், மெல்போர்ன் என்று பல ஊர்களிலிருந்து இரண்டு மூன்று வார விடுப்பில் வந்து இறங்குகிறீர்கள். பார்க்க வேண்டிய உறவினர் பட்டியல் நீளம், கைவசம் இருக்கும் நாள்கள் குறைவு. அந்தக் கணக்கில் எப்போதும் இழுபறியாக நிற்பது ஒரு கேள்விதான். தி. நகருக்கும் மயிலாப்பூருக்கும் ஒரு முழு நாளை ஒதுக்குவதா, அல்லது அதே நாளை வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாலிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையின் ரிசார்ட் ஒன்றிலோ குளுகுளுவென்று கழித்துவிடுவதா? கூட்டம், தூசி, கார் நிறுத்த இடமின்மை, மெட்ரோ பணிக்காகத் தோண்டிய சாலைகள் எல்லாம் ஒரு பக்கம். "அப்படி என்ன அங்கே இருக்கிறது?" என்று கேட்கும் பிள்ளைகள் மறுபக்கம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகத்தான் வேண்டும். ஊர்ப்பாசத்தைக் காரணமாகக் காட்டி உங்களை அழைக்கப் போவதில்லை. ஒரு கடைவீதி எதனால் போய்ப் பார்க்கும் தகுதி பெறுகிறது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அதை வைத்தே இரண்டு பேட்டைகளையும் எடைபோட்டுக் காட்டுகிறேன்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஃபுளோரிடாவின் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் தெரிந்திருக்கும். கேளிக்கைப் பூங்காக்களை ஒட்டி, கடைகளுக்கும் உணவகங்களுக்கும் என்றே அமைத்த பகுதி அது. 1975-இல் ஒரு சிறு கடைக் கிராமமாகத் தொடங்கி, பலமுறை பெயர் மாறி, 2015-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நடப்பதற்கு அகலமான பாதை, உட்கார நிழல், தூய்மையான கழிப்பறை எல்லாம் உண்டு. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இவை இல்லாமல் நம் ஊர் எவ்வளவு திணறுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கே வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்கு வந்தவர்கள். இந்த வாரம் வாங்கியவர் அடுத்த வாரம் அதே கடை வாசலில் நின்று, "போன தடவை கொடுத்தது சரியில்லையே" என்று கேட்க மாட்டார். இதனால் சரக்கு மோசமாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் ஓரளவு பிடித்ததாய், யாருக்கும் தனியாகத் தேவைப்படாததாய் ஆகிவிடும் என்பேன். ஆகவே நான் சொல்லும் அளவுகோல் இது: உள்ளூர்க்காரர் தம் அன்றாடத் தேவைக்கும் வீட்டு விசேஷத்துக்கும் தம் காசைப் போட்டு வாங்கும் இடம்தான் வெளியூர்க்காரர் போய்ப் பார்க்கத் தகுந்த இடம். விருந்தாளிக்காக மட்டுமே திறந்த கடைவீதியில் விருந்தாளிக்குக் கிடைப்பது குறைவு.

இந்த அளவுகோலை முதலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் வைத்துப் பார்க்கலாம். கபாலீசுவரர் கோயிலையும் குளத்தையும் சுற்றியுள்ள நான்கு வீதிகளில் விற்கும் பொருள்கள் பஞ்சாங்கத்தோடு மாறுகின்றன. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரும் குடையும் வரும். நவராத்திரிக்கு வடக்கு மாட வீதி நெடுகக் கொலு பொம்மைகள் இறங்கும். மார்கழி பிறந்தால் கோலமாவும் வண்ணப்பொடியும், தை நெருங்கினால் மஞ்சள் கொத்தும் கரும்பும். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தின்போது கடைவீதியே தேர்வீதியாகிவிடும். இதில் எதுவும் வெளியூர்க்காரருக்குக் காட்சியாக அடுக்கி வைத்ததல்ல. வீட்டில் அந்தந்த நாளில் அந்தந்தப் பொருள் வேண்டியிருப்பதால் கடை அங்கே இருக்கிறது. கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடை இன்றும் சுக்கு, திப்பிலி, வசம்பு என்று நாட்டு மருந்துச் சரக்கை நிறுத்துக் கொடுக்கிறதென்றால், பிரசவித்த பெண்ணுக்கும் சளி பிடித்த குழந்தைக்கும் அவற்றை வாங்க ஆள் வந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். கிரி டிரேடிங்கில் பூஜைச் சாமானும் சுலோகப் புத்தகமும் வாங்குகிறவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வாங்குகிறார்கள், நினைவுப் பொருளாக அல்ல. உங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டியது இதைத்தான். பாட்டி வீட்டில் தாங்கள் கண்ட வழக்கங்கள் எல்லாம் ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து நடத்திக்கொண்டிருப்பவை என்பது மாட வீதியில் அரை நாள் நடந்தால் சொல்லாமலே விளங்கும்.

தி. நகரின் கதை வேறு. இது கோயிலைச் சுற்றி வளர்ந்த பேட்டை இல்லை. 1920-களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலத்தின் பெரிய ஏரிப் படுகையில் திட்டமிட்டு அமைத்த குடியிருப்பு. கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை ஊருக்கும், அப்போதைய முதல்வர் பனகல் ராஜா பெயரைப் பூங்காவுக்கும் வைத்தார்கள். காஞ்சிபுரம் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டியார் 1928-இல் கடை தொடங்கினார். அதன்பின் பட்டு, நகை, பாத்திரம் என்று கடைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. இங்கே கவனிக்க வேண்டியது கடைகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் நெருக்கத்தைத்தான். ஒரே துறையில் பத்துப் பெரிய கடைகள் கூப்பிடு தூரத்தில் இருந்தால், "பக்கத்துக் கடையில் பார்த்துவிட்டு வருகிறேன்" என்ற ஒரு சொல்லே விலையையும் தரத்தையும் காவல் காக்கும். அதைவிட முக்கியம், பெரிய கடைகளைச் சுற்றி முளைத்த சிறிய தொழில்கள். கல்யாணப் புடவை எடுத்தவுடன் அதற்கு ஃபால்ஸ் வைக்கவும், முந்தானைக்குக் குஞ்சம் கட்டவும், பொருத்தமான ரவிக்கைத் துணி தேடவும், ஆரி வேலை செய்யவும், அதே நிறத்தில் வளையல் அடுக்கவும் ஆள்கள் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கான முழு ஏற்பாட்டையும் ஒரே பேட்டையில் முடித்துவிடலாம். இந்தச் சங்கிலியை எந்த நிறுவனமும் வரைபடம் போட்டு அமைக்கவில்லை. தமிழ்நாடு முழுவதிலுமிருந்து கல்யாண ஜவுளி எடுக்க வந்த குடும்பங்களின் தேவை, பல பத்தாண்டுகளாக இதைக் கோத்துக் கொடுத்திருக்கிறது.

சாப்பாட்டிலும் இதே கதைதான். கிழக்கு மாட வீதியின் கற்பகாம்பாள் மெஸ், அருண்டேல் தெருவின் ராயர் மெஸ், காளத்தி கடை ரோஸ் மில்க் எல்லாம் இன்று யூடியூப் புகழ் பெற்றுவிட்டன. ஆனால் அவற்றை நிறுத்தி வைத்திருப்பது காலை நடைக்குப் பின் வந்து அதே இட்லியும் கெட்டிச் சட்னியும் கேட்கும் வாடிக்கையாளர்கள். சாம்பாரில் புளி ஒரு பங்கு கூடினால் அவர்கள் அன்றே சொல்லிவிடுவார்கள். பாண்டி பஜாரின் கீதா கபேயும் பாலாஜி பவனும் கடைகளில் வேலை செய்வோருக்கும் கடைக்கு வருவோருக்கும் ஒரே காபியைத்தான் கொடுக்கின்றன. அடையாறு காந்தி நகரின் கிராண்ட் ஸ்வீட்ஸில் புளிக்காய்ச்சலும் தொக்கும் பொடியும் வாங்கிப் பெட்டியில் அடைக்காமல் விமானம் ஏறாத குடும்பங்கள் உங்களில் ஏராளம். டிசம்பரில் வருகிறவர்களுக்கு இன்னொரு பேறும் உண்டு, சபா கேன்டீன்கள். மியூசிக் அகாடமி, நாரத கான சபா, தி. நகரின் கிருஷ்ண கான சபா, வாணி மகால் என்று சங்கீத சீசன் நடக்கும் இடங்களில் கல்யாணச் சமையலில் பேர் எடுத்தவர்கள் அடுப்பு மூட்டுகிறார்கள். கச்சேரிக்கு டிக்கெட் வாங்காமல் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறவர்களும் அங்கே நிறையப் பேர். ராகத்தைப் பற்றி வாதிடும் அதே ரசிகர்கள் ரசவாங்கியையும் விடாமல் அலசுவதால் சமையற்காரர் ஒருநாளும் அசட்டையாக இருக்க முடியாது. வருடத்தில் சில வாரங்களே கிடைக்கும் இந்தச் சாப்பாட்டை எந்த ரிசார்ட்டின் பஃபே மேசையிலும் தேட முடியாது.

இனி பாண்டி பஜாருக்கு வருகிறேன். ஒரு சுற்றுலா வளாகத்தைப் போல நடப்பதற்கென்றே சீரமைத்த பகுதி தி. நகரில் அதுதான். பொலிவுறு நகரத் திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவில் தியாகராயர் சாலையில் அமைந்த நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அகலமான நடைபாதை, உட்காரும் திண்ணைகள், குழந்தைகள் ஏறி விளையாடச் சில அமைப்புகள், மர நிழல் ஆகியவை கிடைத்தன. இதிலும் குறைகள் உண்டு. வாகனங்கள் முற்றிலும் விலகவில்லை. நடைபாதையில் இருசக்கர வண்டிகள் ஏறுவதை இன்றும் பார்க்கலாம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிளாட்பார வியாபாரிகளை மாநகராட்சி வளாகத்துக்குள் மாற்றியது அவர்கள் வியாபாரத்தைப் பாதித்தது என்ற முறையீட்டிலும் நியாயம் இருக்கிறது. தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அந்தச் சாலையின் பெரிய சிறப்பு ஒன்று அப்படியே நிற்கிறது. அங்கே ஒரு பைசா செலவழிக்காமல் ஒருவர் மாலை முழுதும் உட்கார்ந்திருக்கலாம். ஜவுளிக்கடை ஊழியரும், டியூஷன் முடித்த மாணவர்களும், முதியவர்களும், கைக்குழந்தையோடு வந்த தாயும் ஒரே திண்ணையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மாலின் வாசலில் காவலாளி யாரை உள்ளே விடுகிறார், யார் தாமாகவே தயங்கித் திரும்புகிறார் என்பதைக் கவனித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு கூட்டம். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை நிற்பதுதான் தி. நகர் என்று நினைத்தால், போக வேண்டாம் என்று நானே சொல்வேன். ஆனால் நீங்கள் வருவது தீபாவளி முடிந்த டிசம்பரில். வார நாளில் காலை பத்தரை மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இடையே உஸ்மான் சாலைக் கடைகளில் விற்பனையாளர் உங்களுக்கென்று பொறுமையாகப் புடவை விரித்துக் காட்டுவார். கார் எடுத்துக்கொண்டு போவதே பாதிச் சங்கடத்துக்குக் காரணம். புறநகர் ரயிலில் மாம்பலத்தில் இறங்கினால், 2023 மே மாதம் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை ரயில் நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெரு நெரிசலுக்கு மேலாகவே தி. நகர் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலின் திருமயிலை நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மாட வீதிகள் நடை தூரம். மெட்ரோ பணியால் லஸ் பக்கமும் பனகல் பூங்கா பக்கமும் சாலைகள் சுருங்கியிருப்பது உண்மை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் அந்தத் தடம் முழுமையாக ஓடத் தொடங்கினால் இந்த இரு பேட்டைகளும் ஒரே ரயிலில் இணையும். அதுவரை நடக்கிறவருக்குச் சுற்று கொஞ்சம், காரில் வருகிறவருக்குச் சுற்று அதிகம். மழையையும் மறந்துவிடக் கூடாது. ஏரிப் படுகையில் எழுந்த தி. நகரில் 2021 நவம்பரில் தண்ணீர் தேங்கியதை நாடே பார்த்தது. கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மறுப்பு, "இதெல்லாம் எங்கள் ஊரிலேயே கிடைக்கிறதே" என்பது. நல்லிக்கும் சரவண பவனுக்கும் வெளிநாடுகளில் கிளைகள் உண்டு. புடவையை வீடியோ அழைப்பில் காட்டி அனுப்பும் கடைகளும் பெருகிவிட்டன. பொருள் மட்டும் போதும் என்றால் இந்த வாதம் வலுவானது. ஆனால் கிளைக்குப் போவது தேர்ந்தெடுத்து அனுப்பிய சரக்கு. தலைமைக் கடையில் முகூர்த்தப் புடவை வேறு, நிச்சயதார்த்தப் புடவை வேறு, பெரியம்மா கட்டும் ஒன்பது கஜம் வேறு என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடுக்கு இருக்கும். ஜரிகையின் கனத்தைக் கையில் பார்க்காமல் பட்டின் தரம் பிடிபடாது. ஃபால்ஸ் வைப்பவரும் குஞ்சம் கட்டுபவரும் வீடியோ அழைப்போடு சேர்ந்து வரமாட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. பேரம் பேசும் இடம் எது, பேசக்கூடாத இடம் எது, கடைக்காரரை அண்ணா என்பதா ஐயா என்பதா, வேண்டாம் என்பதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் தமிழின் பகுதியே. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை, ஒரு முழம் மல்லிகை என்ன விலை என்று பூக்காரம்மாவிடம் கேட்டுப் பதில் வாங்கும்போது அந்த மொழிக்குப் பயன் வந்துவிடுகிறது.

மூன்றாவது, ஏமாந்துவிடுவோம் என்ற அச்சம். வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தால் விலை ஏறும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. நடைபாதைக் கடைகளிலும் ஆட்டோவிலும் அது நடக்கும். பெரிய தொகை புரளும் இடங்களில் உங்களுக்குக் காப்பு இருக்கிறது. பெரிய ஜவுளிக்கடைகளில் விலைச்சீட்டில் உள்ளதே விலை. பட்டுக்கு மத்திய பட்டு வாரியம் ஆதரிக்கும் சில்க் மார்க் முத்திரை உண்டா என்று கேளுங்கள். தங்க நகையில் 2023 ஏப்ரல் முதல் ஆறிலக்க எண்ணெழுத்துக் குறியீடு கொண்ட ஹால்மார்க் கட்டாயம். அந்தக் குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் கடையிலேயே நின்று சரிபார்க்கலாம். செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரும்படி கேட்பதில் வெட்கமே வேண்டாம். உள்ளூர்ப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டுப் பழக்கியதால்தான் கடைக்காரர் உங்களுக்கும் பதில் சொல்கிறார்.

நான்காவது மறுப்பைப் பெரும்பகுதி ஒப்புக்கொள்கிறேன். கைக்குழந்தைக்கும் முழங்கால் வலியுள்ள பெரியவருக்கும் தி. நகர் கடினமான இடம். பொதுக் கழிப்பறைகள் போதாது. இருப்பவற்றின் பராமரிப்பும் சீராக இல்லை. தள்ளுவண்டி உருளும் நடைபாதை பாண்டி பஜாரைத் தாண்டினால் அரிது. அப்படிப்பட்ட குடும்பங்கள் தி. நகரை விட்டுவிட்டு மயிலாப்பூருக்கு மட்டும் காலை ஏழரை மணிக்கு வாருங்கள். தரிசனம், டிபன், மாட வீதியில் ஒரு சுற்று, நாகேசுவர ராவ் பூங்காவில் இளைப்பாறல் என்று பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். மால்களையும் வேண்டாம் என்று தள்ளச் சொல்லவில்லை. வெயில் ஏறியபின் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மாலில் உள்ள பெரும்பாலான கடைகள் உங்கள் ஊர் மாலிலும் இருக்கின்றன. விடுப்பில் உள்ள அரிதான நாள்களை அதற்கே முழுதாகக் கொடுப்பது நட்டம்.

ஐந்தாவது மறுப்பு மனசாட்சியைத் தொடுவது. இந்தப் பளபளப்புக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். 2010-இல் வந்த வசந்தபாலனின் அங்காடித் தெரு திரைப்படம் அவர்கள் வாழ்க்கையைத் தமிழ்நாட்டின் முன் வைத்தது. 2021-இல் தமிழ்நாடு அரசு, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2017 மே 31 அன்று தி சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்து எரிந்து, பின்னர் இடிக்கப்பட்டது. அடுக்குமாடிக் கடைகளின் பாதுகாப்பு பற்றிய கவலை அப்போது ஊரெங்கும் எழுந்தது. இவற்றைக் காரணம் காட்டி ஒதுங்கிப் போனால் அந்த ஊழியருக்கு நன்மை எதுவும் விளையாது. வந்து பாருங்கள். ஊழியருக்கு நாற்காலி போட்டிருக்கிறதா, அவசர வழி அட்டைப்பெட்டிகளால் அடைபட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லாததை மேலாளரிடம் கேளுங்கள். வெளிநாட்டில் நீங்கள் இயல்பாகக் கேட்கும் கேள்விகள்தான் இவை. இங்கே கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. விற்பனையாளர் நாற்பது புடவை விரித்தபின் எதுவும் வாங்காமல் எழுந்தாலும், ஒரு நன்றி சொல்லிவிட்டு எழுங்கள்.

கடைசியாக, இந்த மடலை எழுதத் தூண்டிய கவலையைச் சொல்கிறேன். கடைவீதிகள் என்றென்றைக்கும் இருப்பவை அல்ல. 1990-களில் அண்ணா சாலையின் ஸ்பென்சர் பிளாசாவைப் பார்க்காமல் யாரும் சென்னையை விட்டுப் போனதில்லை. புதிய மால்கள் வந்ததும் அங்கே கூட்டம் வற்றி, கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பார்த்துவிட்டுப் போக வந்த கூட்டத்துக்கு அடுத்த புதுமை கிடைத்தவுடன் கால்கள் அந்தப் பக்கம் திரும்பிவிடும். மயிலாப்பூரும் தி. நகரும் அத்தகைய அலைகளைத் தாண்டி நிற்பதற்கு அங்கே வாங்குகிறவர்களின் தேவைதான் காரணம். அந்தத் தேவை இப்போது பல பக்கமாகச் சிதறுகிறது. பெரிய கடைகள் புறநகர்களில் கிளை திறக்கின்றன, இளைய குடும்பங்கள் வீட்டு வாசலிலேயே பொருளைப் பெற்றுக்கொள்கின்றன. இந்தச் சமயத்தில் நீங்கள் கேமராவோடு மட்டும் வந்து, மெஸ்ஸில் ஒரு படமும் மாட வீதியில் ஒரு ரீல்ஸும் எடுத்துக்கொண்டு திரும்பினால், உங்களையறியாமலே இந்த வீதிகளைக் காட்சிப் பொருளாக்கும் வேலையில் சேர்ந்துவிடுகிறீர்கள். உள்ளூர்க்காரரைப் போல வாருங்கள். உங்கள் வீட்டுக்கு உண்மையில் வேண்டியதன் பட்டியலோடு வாருங்கள்: வத்தக்குழம்புக்கு மணத்தக்காளி வற்றல், அடுத்த கொலுவுக்கு ஒரு செட்டியார் பொம்மை, தங்கையின் வளைகாப்புக்குப் புடவை, அப்பாவுக்கு எட்டு முழ வேட்டி. ஒரே நாளில் இரண்டு பேட்டையையும் அள்ள வேண்டாம். மயிலாப்பூருக்கு ஒரு காலை, தி. நகருக்கு வேறொரு வார நாள் முற்பகல், பாண்டி பஜார் திண்ணைக்கு ஒரு மாலை போதும். நல்லது கிடைத்தால் அதே கடைக்கு அடுத்த வருடமும் போங்கள், குறை இருந்தால் அதையும் சொல்லுங்கள். நல்ல சரக்கும் நியாய விலையும் அந்த வீதிகளில் நிலைத்தது திரும்பத் திரும்ப வந்து கேள்வி கேட்ட வாடிக்கையாளர்களால்தான். அந்த வரிசையில் நீங்களும் சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அன்புடன்,
சென்னைவாசி ஒருவர்